நாவைக் கொண்டு ஆளை நிறுக்கிறோம்

வளவனூருக்குக் கிழக்கே, புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையை விட்டு விலகிக் கரும்புக் கொல்லைகளின் நடுவே உள்ளே போகும் ஒரு சிற்றூரின் மாரியம்மன் கோயில் முன்றிலில், பாதி நிழலும் பாதி வெயிலுமாகக் கிடந்த ஷாமியானாவின் கீழே கிராம சபை கூடியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் அதிகாரிகளும், தரையில் விரித்த ஜமக்காளத்தில் ஜனங்களும் அமர்ந்திருக்க, எழுபது வயது மதிக்கத்தக்க குடியானவர் ஒருவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி பேசத் தொடங்கினார்.

"சார், ஏரிக்கு வர்ற வாய்க்கா, அந்தாண்ட ரெண்டாவது மதகுகிட்ட மண்ணு மூடி அடைச்சிக்கினு கெடக்குது. நேத்து நானே போயி தப்படி போட்டுப் பாத்துட்டு வந்தேன். நாப்பது தப்படிக்கு மேடு. போன மழைக்கு வந்த தண்ணி அம்மாமும் கொல்லை வழியா ஓடிப்பூடிச்சி. ஐப்பசிக்கு முன்ன வாரிட்டா ஏரி ரொம்பிடும் சார்."

"சரி பெரியவரே, குந்துங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். மேசையில் இருந்த எழுத்தர் பதிவேட்டில் எழுதியது ஒரே வரி: வாய்க்கால் பற்றிப் புகார்.

அடுத்து எழுந்தவர் கல்லூரிப் படிப்பு முடித்த இளைஞர். அதிகாரிப் பெருமக்களையும் ஊர்ப் பெரியோர்களையும் தாய்மார்களையும் முறையாக விளித்துவிட்டு, நீராதாரங்களைப் பாதுகாப்பதன் இன்றியமையாமையையும், முன்னோர் வகுத்த நீர்மேலாண்மையின் மேன்மையையும், வருங்காலச் சந்ததியினருக்கு நாம் பட்டிருக்கும் கடனையும், ழகரம் ழகரமாகவே ஒலிக்க, ஐந்து நிமிஷம் தடங்கலின்றிப் பேசினார். எந்த வாய்க்கால், எந்த மதகு, எத்தனை நீளம் என்ற மூன்றும் அந்தப் பேச்சில் இல்லை. கைதட்டல் எழுந்தது. எழுத்தரின் பேனா அரைப் பக்கம் ஓடியது. பின்வரிசையில் இருந்த அம்மாள் ஒருவர், "புள்ள எம்மாம் அழகாப் பேசுது பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

இளைஞர்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் தமக்குக் கற்பிக்கப்பட்டதைப் பிழையின்றிச் செய்தார். எழுத்தரும் வேண்டுமென்று ஓரவஞ்சனை செய்தவரல்லர். ஒருவர் வாயைத் திறந்த சில கணங்களுக்குள்ளேயே அவர் படித்தவரா படிக்காதவரா, எந்த ஜில்லா, பல வேளைகளில் எந்தத் தெரு, எந்த ஜாதி என்பது வரையில் காது தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தின்மேல் ஏறித்தான் அவர் சொல்லும் விஷயம் நம் புத்திக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. இப்பழக்கத்தால் இழப்பு யாருக்கு, எவ்வளவு என்பதே நம் விசாரணை.

இரண்டு தராசுகள்

நயமாகப் பேசுகிறவருக்கே எப்போதும் மதிப்பு என்று சொல்லிவிட்டால் காரியம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் தமிழ் ஜனங்களின் சரித்திரம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர், "ஆகட்டும் பார்க்கலாம்" என்ற இரண்டு சொற்களில் பல மனுக்களுக்கு விடை கொடுத்தவர். அடுக்குமொழியும் உவமையும் அவர் பேச்சில் தலைகாட்டியதில்லை. அப்படி இருந்ததனாலேயே அவரை உள்ளதை உள்ளபடி சொல்கிறவர் என்று ஜனங்கள் நம்பினார்கள். அதே ஜனங்கள்தாம், மோனையும் எதுகையும் அருவிபோல் விழ அண்ணாதுரை பேசிய பேச்சை நள்ளிரவு வரையில் மணலில் உட்கார்ந்து கேட்டு, 1967-ல் அவரைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஒரே காதுக்கு இரண்டு தராசுகள் இருக்கின்றன: ஒன்று அறிவை நிறுப்பது, மற்றொன்று நேர்மையை நிறுப்பது.

இது நமக்கு மட்டும் உரிய விசேஷமும் அன்று. 1970-களில் இங்கிலாந்தில் ஹவார்ட் கைல்ஸ் என்ற உளவியல் அறிஞர், கனவான்களின் உச்சரிப்பிலும் வட்டார உச்சரிப்புகளிலும் ஒரே விஷயத்தைப் பேசச்செய்து கேட்போரின் அபிப்பிராயங்களைத் தொகுத்தபோது, கனவான் பேச்சுக்கு அறிவும் தன்னம்பிக்கையும் உரியனவாகச் சொல்லப்பட்டன. வட்டாரப் பேச்சுக்கு நேர்மையும் நல்ல சுபாவமும் உரியனவாகச் சொல்லப்பட்டன. வெள்ளந்தி என்று ஒருவரைப் புகழும்போது, அவருக்கு விஷயம் தெரியாது என்பதையும் நாம் கூடவே சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஓட்டுப் போடும்போது வெள்ளந்தியைத் தேடும் நாம், வேலை கொடுக்கும்போதும் சாட்சி கேட்கும்போதும் அவரை ஒதுக்கிவிடுகிறோம்.

மேடை வந்த வழி

திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு வேறோர் அதிகாரம் உண்டு. எனவே சபையில் பேசும் கலை நமக்குப் புதியதன்று. ஆயினும் ஊரெல்லாம் கூடும் திறந்த வெளியில், ஜாதி பேதமின்றி வந்து நிற்கும் கூட்டத்தின் முன்பாக ஒருவர் எழுந்து பிரசங்கம் செய்வது சமீப காலத்து வழக்கமே. யாழ்ப்பாணத்து ஆறுமுகம் 1847 டிசம்பரின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில், கிறிஸ்தவப் பாதிரிமாரின் பிரசங்க முறையைத் தாமே எடுத்துக்கொண்டு சைவப் பிரசங்கம் தொடங்கினார். இரண்டு வருஷத்துக்குள் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. சுதேசி இயக்கமும், தொழிலாளர் கூட்டங்களில் திரு.வி.க. வளர்த்த தமிழும் அந்த வழியை அகலமாக்கின. பிறகு திராவிட இயக்கத்தார், புலவர்கள் ஏட்டில் வைத்திருந்த நடையைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து, செந்தமிழில் பேசுவதே தலைமைக்கு லட்சணம் என்ற எண்ணத்தை நிலைநாட்டினார்கள். மதுரையில் தங்கி இதை ஆராய்ந்த பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2009-ல் வெளியிட்ட நூலில், பழமையின் திருவுருவமாக நாம் கருதும் மேடைச் செந்தமிழ் உண்மையில் இருபதாம் நூற்றாண்டு ஜனநாயகத்தின் குழந்தை என்று காட்டினார்.

பெட்டிச் செய்தி: நடுநாட்டு நாவுகள்

*பெண்ணையாறு பாயும் இப்பகுதிக்குத் திருமுனைப்பாடி, நடுநாடு என்பன பழம்பெயர்கள். பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியாருக்குக் கிடைத்த பெயர் நாவுக்கரசர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ல் பிறந்த இராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். நடிகர் சிவாஜி கணேசனுடைய முதல் எழுத்தாகிய 'வி', அவர் பிறந்த விழுப்புரத்தைக் குறிப்பது. இவ்வட்டாரத்துப் பேச்சுச் சொற்களைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' செய்தவர், விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன்.*

திரையில் ஒரு கூண்டு, ஊரில் ஒரு கூண்டு

1952 தீபாவளிக்கு வெளிவந்த பராசக்தியில், விழுப்புரத்துக் கணேசன் குற்றவாளிக் கூண்டில் நின்று மு. கருணாநிதியின் வசனத்தைப் பொழிந்தபோது, தமிழ்நாட்டில் ஒரு புது அளவுகோல் பிறந்தது. கந்தல் உடுத்து, உறவிழந்து, பிச்சைக்காரர்களோடு திரிந்த குணசேகரன், நீதிபதியின் எதிரில் புலவர்களும் நாணும்படி அடுக்கடுக்காகப் பேசுகிறான். கொட்டகையில் இருந்தவர் அத்தனை பேரும் அவன் கட்சிக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வசனத்தைத் தலைகீழாக ஒப்பித்த இளைஞர்கள் அக்காலத்தில் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். ஏழைக்கும் செந்தமிழ் வசப்படும் என்று காட்டியது அந்தக் காட்சியின் பெருமை. ஏழை கூண்டில் ஏறினால் செந்தமிழ் பேசினால்தான் காது கொடுப்போம் என்ற மனப்பான்மைக்கும் அது துணைபோயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆறு வருஷங்கள் கழித்து, 1958-ல், அதே சிவாஜி நடித்த சபாஷ் மீனாவில் ஜே.பி. சந்திரபாபு இரட்டை வேஷம் கட்டினார். அவற்றுள் ஒன்று சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரன். கொட்டகை சிரித்து உருண்டது. சந்திரபாபுவின் நடிப்புக்கு அந்தச் சிரிப்பு தகும். ஆனால் அதன் பிறகு வந்த படங்கள் பலவற்றிலும் 'கினு' என்று வாக்கியத்தை முடிக்கிறவன் கோமாளியாகவோ, ரவுடியாகவோ, ஏமாளியாகவோ வந்துகொண்டேயிருந்தான். கதாநாயகனோ காதல் செய்யும்போது திருத்தமான தமிழுக்கு மாறிவிடுவான். 'வந்துகினு' என்பதும், பழம் 'பயம்' ஆவதும் சென்னைக்கு மட்டும் சொந்தமல்ல. ஆர்க்காட்டுச் சீமைகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் பேச்சு அது. எனவே, சந்திரபாபுவைப் பார்த்தே அறியாத வளவனூர்க் குடியானவருடைய வாயிலிருந்து அச்சொல் வரும்போதும், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரியின் உதட்டோரத்தில் ஒரு புன்னகை நெளிந்து மறைகிறது.

மெய்யான கூண்டில் நிற்பவர் எப்படிப் பேசுகிறார்? "வந்துங்க ஐயா… அப்ப அவுரு வந்தாப்போல இருந்துச்சுங்க… சரியா ஞாபகம் இல்லீங்க…" மரியாதைக்காகச் சேர்த்த 'ங்க'வும், பெரிய மனிதர் எதிரில் அடித்துப் பேசக்கூடாது என்ற பணிவால் வந்த 'போல'வும், குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞருக்குச் சந்தேகத்தின் சாட்சியங்களாக மாறிவிடுகின்றன. அமெரிக்காவில் வில்லியம் ஓபாரும் அவருடைய சகாக்களும் 1970-களில் நீதிமன்றப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஒரே சாட்சியத்தை, தயக்கமும் பணிவும் நிறைந்த நடையில் ஒரு தடவையும், அவை நீங்கிய நடையில் ஒரு தடவையும் பேசவைத்துக் கேட்கச் செய்தபோது, தயங்கிய நடையில் வந்த சாட்சியை ஜனங்கள் குறைவாக நம்பினார்கள். சொன்ன சங்கதியில் ஓர் அணுவும் மாறவில்லை.

2013-ல் புளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் கொலை வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பையன் இறப்பதற்குச் சற்று முன்வரை தொலைபேசியில் அவனோடு பேசிக்கொண்டிருந்த ரேச்சல் ஜான்டெல் என்ற இளம்பெண்ணே முக்கிய சாட்சி. கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் அவள் மணிக்கணக்காகச் சாட்சி சொன்னாள். அவள் பேச்சைப் புரிந்துகொள்வது கடினமாயிருந்தது, அவள் நம்பத்தக்கவளாகத் தோன்றவில்லை என்று ஜூரர் ஒருவர் பிறகு சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். ஜான் ரிக்ஃபோர்ட், ஷேரீஸ் கிங் என்ற மொழியியலார் இருவர் 2016-ல் அச்சாட்சியத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, அவளுடைய பேச்சு இலக்கண ஒழுங்குள்ள வழக்கே என்றும், கேட்டவர்களின் காதில்தான் கோளாறு என்றும் நிறுவினார்கள். அதற்குள் தீர்ப்பு வந்து மூன்று வருஷம் கடந்துவிட்டிருந்தது.

பெட்டிச் செய்தி: மாண்ட்ரியல், 1960

*கனடாவில் வாலஸ் லாம்பர்ட் என்பவரும் அவர் கூட்டாளிகளும், பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தவர்களைக் கொண்டு ஒரே பகுதியை இரு பாஷைகளிலும் வாசிக்கச் செய்து பதிந்தார்கள். இரண்டு குரலும் ஒரே ஆளுடையவை என்பதை அறியாத மாணவர்கள், ஆங்கிலக் குரலுக்கு உரியவரை அதிக அறிவாளி, அதிக நம்பிக்கைக்கு உரியவர், உயரத்திலும் அழகிலும்கூட மேம்பட்டவர் என்று மதிப்பிட்டார்கள். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களே தங்கள் மொழிக் குரலை இன்னும் தாழ்வாக மதிப்பிட்டது ஆய்வாளர்களையே வியப்பில் ஆழ்த்தியது.*

மேசைக்கு எதிர்ப்புறம்

மாண்ட்ரியல் மாணவர்களை எண்ணி நாம் வியக்க வேண்டியதில்லை. வளவனூர் ரயில் நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காகவோ புதுச்சேரி வண்டிக்காகவோ காத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சைச் சற்றே கவனித்தால் போதும். தங்களுக்குள் 'இன்னாடா', 'இஸ்துகினு' என்று வாய் நிறையப் பேசும் அவர்கள், விரிவுரையாளர் ஒருவர் நடைமேடையில் வந்துவிட்டால் சட்டென்று சினிமாத் தமிழுக்கோ அரைகுறை ஆங்கிலத்துக்கோ மாறி, வாக்கியத்தின் பாதியில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறார்கள். சென்னைக் கம்பெனிகளின் நேர்முகத் தேர்வில் அந்தத் தடுமாற்றத்துக்குக் 'கம்யூனிகேஷன் ஸ்கில் போதாது' என்று பெயர். கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் தேறியவன், தன்னைப் பற்றிச் சொல் என்ற முதற்கேள்வியிலேயே தோற்றுப் பஸ் ஏறி ஊர் திரும்புகிறான். தோற்றது எதனால் என்பதும் அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னும் நுட்பமான நஷ்டம் நேர்கிறது. வேறு ஜில்லாவிலிருந்து படிப்பதற்கு வந்த இளம் மருத்துவரிடம் ஒரு கிழவி, "வவுத்துல இஸ்துக்கினு நெஞ்சுக்கு ஏறுது, கையெல்லாம் ஒளைச்சலு, கண்ணு கட்டிக்கினு வருது" என்று சொல்லும்போது, அவள் நோயின் வரலாற்றை எவ்வளவு கிரமமாக, எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்பது வரை சொல்லிவிட்டாள் என்பது அவள் பேச்சை அறிந்தவருக்குத்தான் விளங்கும். அறியாதவர் "எங்கம்மா வலிக்குது, அதை மட்டும் சொல்லுங்க" என்று வெட்டுகிறார். அவளும் 'வயிறு' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள். நெஞ்சும் கையும் சீட்டில் ஏறாமலே போகின்றன.

பள்ளிக்கூடத்தில்தான் இதெல்லாம் விதைக்கப்படுகிறது. 'பயம்' என்ற பிள்ளையைப் 'பழம்' என்று சொல்லப் பழக்குவது ஆசிரியரின் கடமை. அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. வகுப்பைச் சிரிக்கவைத்துப் பழக்குவதுதான் பாவம். வீட்டில் தாய் பேசும் பேச்சு வெட்கப்படத்தக்கது என்று ஒன்பது வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, பிறகு பதினைந்து வருஷங்கள் சபையில் கையே தூக்குவதில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கு 1982-ல் அகராதி செய்து, அந்தப் பேச்சிலேயே எழுதி 1991-ல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்று, புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்தார். வட்டாரப் பேச்சுக்கு ஏட்டில் இடம் கிடைத்துவிட்டது. மேசைக்கு எதிரே இன்னும் கிடைக்கவில்லை.

பெரிய சொல்லின் சறுக்கல்

மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். தேவையின்றிப் பெரிய சொற்களை வாரி இறைப்பவருக்கும் காது தண்டனை விதிக்கிறது. டேனியல் ஓப்பன்ஹைமர் என்பவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கருத்தை எளிய சொல்லிலும் கடின சொல்லிலும் எழுதிப் படிக்கக் கொடுத்தபோது, கடின சொல்லில் எழுதியவரையே அறிவு குறைந்தவர் என்று படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். இதற்காக அவருக்கு நகைச்சுவைக்கென்றே வழங்கப்படும் இக்நோபல் பரிசும் கிடைத்தது. கல்யாண மண்டபங்களில் மணமக்களைச் சங்க காலத்துக்கு அழைத்துச் சென்று, பந்தி ஆறிப்போகும் வரை வாழ்த்துரை வழங்கும் புலவர்களை அறிந்த நமக்கு அந்த ஆராய்ச்சி அவசியமில்லை.

ஓமந்தூராரை நினைத்துக்கொள்வது இங்கே பொருந்தும். உழவர் குடியில் பிறந்த அவர் மேடை அலங்காரத்துக்குப் பெயர் போனவரல்லர். அவர் பிரதமராயிருந்த இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில்தான் மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டமும், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947-ல் வந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. அவருடைய பிரசங்கம் ஒன்றையேனும் மனப்பாடமாகச் சொல்பவரை நான் திண்டிவனத்துப் பக்கம் கண்டதில்லை. அவர் காலத்துச் சட்டங்களின் கீழ் நிலம் பெற்ற குடும்பங்கள் உண்டு.

வெண்ணெய்நல்லூர்ச் சபை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. அது நடந்த திருவெண்ணெய்நல்லூர் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிற்றரசரால் வளர்க்கப்பட்ட அழகன் சுந்தரனின் கல்யாணப் பந்தலில், தடியூன்றிய கிழவர் ஒருவர் நுழைந்து, இவன் என் அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழவர் வெண்ணெய்நல்லூர்ச் சபையில் முறையிட, ஒருபுறம் குலமும் கல்வியும் வாக்கு வன்மையும் உடைய மணமகன், மறுபுறம் யாரும் கண்டறியாத, பேச்சே விபரீதமாகத் தோன்றும் வம்புக்காரர். சபையார் செய்தது என்ன? வழக்கில் உண்டா, எழுத்தில் உண்டா, கண்ட சாட்சி உண்டா என்று கேட்டார்கள். கிழிபடாதிருந்த மூல ஓலையை வாங்கிப் பார்த்தார்கள். சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைத் தருவித்து ஒப்பு நோக்கினார்கள். மணமகனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். கிழவர் சிவபெருமான் என்பது தீர்ப்புக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. பக்தர்களுக்கு அது தடுத்தாட்கொண்ட கதை. சபை நடத்துகிறவர்களுக்கு அது, ஆளின் நாவை ஒதுக்கி ஓலையைப் பார்த்த ஒரு பெஞ்சின் முன்னுதாரணம்.

படித்துக் காட்டச் சொல்லுங்கள்

காதின் தராசை ஒரே நாளில் திருத்த இயலாது. காரியத்தின் முறையைத் திருத்த இயலும். அதற்கு நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-வது பிரிவு, சாட்சியின் நடத்தைப் பாங்கைப் பற்றி நீதிபதி அவசியமெனக் கருதுவதைக் குறித்துக்கொள்ளச் சொன்னது. காதின் தப்பெண்ணம் நுழையக்கூடிய கதவு அது. ஆனால் அதற்கு இரண்டு பிரிவுகளுக்கு முன்னால், 278-வது பிரிவு, பதிவு செய்த சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றும், தேவையானால் திருத்த வேண்டும் என்றும், அவருக்கு விளங்காத பாஷையில் எழுதியிருந்தால் விளங்கும் பாஷையில் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

நீதிமன்றத்துக்கு விதியாக உள்ள இதை, பதிவேடும் மேசையும் உள்ள இடமெல்லாம் வழக்கமாக்கிக்கொள்வதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. வாசகர்களுள் அதிகாரிகளும் மருத்துவர்களும் தேர்வாளர்களும் இருப்பீர்கள்: எதிரே நிற்பவர் சொன்னதை எழுதியபின் அவருக்கே ஒரு தடவை வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். மேசைக்கு எதிர்ப்புறம் நிற்கும் வாசகர்களுக்குச் சொல்வது இது: மனுவோ, புகாரோ, வாக்குமூலமோ, எதுவானாலும், உங்களுக்கு வருகிற பேச்சிலேயே முழுவதும் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுமுன், எழுதியதைப் படித்துக் காட்டும்படி கேளுங்கள்.